உள்ளே போனது, வெளியே வந்தது

14.9.2020, திங்கள்

பேர்: யோகஸ்ரீ. வயசு: ஒம்போது. அப்பா பேர்: ஜெயபாண்டி. ஊர்: திருமங்கலம். தொழில்: மாவுக்கடை.

பிள்ளை வயித்துவலிக்கும் என் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்னு தெரியல. முதல் பக்கத்துல எல்லா விவரமும் எழுதுங்கன்னாங்க, எழுதியாச்சு.

மத்தியானம் 2 மணி. உள்ளே: தண்ணி ரெண்டு மூடி. வெளியே: வாந்தி, மஞ்சளா.
3 மணி. வெளியே: வயித்தால போச்சு, தண்ணியா.
4.30. மறுபடி வயித்தால. ஒண்ணுக்குப் போகல.

இந்த நோட்டைக் குடுத்தது அமலோற்பவம் சிஸ்டர். "பிள்ளைக்கு உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருதுன்னு நேரம் போட்டு எழுதணும். மறந்துட்டேன் கிறந்துட்டேன்னு வந்து நின்னீங்க, அவ்வளவுதான்" அப்படின்னாங்க. பத்தாங்கிளாஸ் முடிச்சதுல இருந்து நான் தேதி போட்டு எதுவும் எழுதினதில்ல. சும்மா உக்காந்திருக்க இதுவாவது செய்யலாம்.

வியாழக்கிழமை ஆரம்பிச்ச காய்ச்சல். வெள்ளிக்கிழமை வயித்துவலி. கொடல் ஏறிருக்கும்னு சொல்லி, எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போய் விளக்கெண்ணெய் போட்டு வயித்தை வழிச்சு விடச் சொன்னேன். நாங்கள்லாம் சின்னப் பிள்ளையில அப்படித்தான் எந்திரிச்சு ஓடியிருக்கோம். இவ எந்திரிக்கல. வழிச்சப்ப கத்தின கத்தல்ல அந்த அம்மாவே கையை எடுத்துட்டாங்க. "இது நம்ம கைக்கு அடங்குற வலி இல்லய்யா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ"ன்னாங்க.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்தான் உள்ள இருக்கலாம். வெளிய போனா திரும்ப விடமாட்டாங்களாம், கொரோனா ரூலு. வார்டு முழுக்க அம்மாமாரு. ஆம்பளை நான் ஒருத்தன். "அம்மா எங்க?"ன்னு இதுவரைக்கும் ஏழு பேரு கேட்டாச்சு. அம்மா கோவில்பட்டியில, பிறந்த வீட்டுல, பதினெட்டு நாள் பச்சப்புள்ளையோட இருக்கா. ஏழு தடவையும் இதையே சொன்னேன். எட்டாவதா வர்றவங்களுக்கு இந்த நோட்டைக் காட்டிரலாம்.

பெரிய டாக்டரம்மா பேரு வான்மதி. வீட்ல யாருக்காவது கொரோனா வந்துச்சா, காய்ச்சல் வந்துச்சா, ரெண்டு மாசத்துக்குள்ளன்னு கேட்டாங்க. இல்லன்னேன்.

15.9.2020, செவ்வாய்

காலை 6. உள்ளே: வாயால ஒண்ணும் குடுக்கக்கூடாதுன்னுட்டாங்க. குளுக்கோஸ் ஏறுது. வெளியே: ஒண்ணுக்கு 60 மில்லி, காபி கலர்ல.
8 மணி. வயித்தால. இதோட ஒம்போது தடவை.

பெட்பேனைப் பிடிச்சா முகத்தைத் திருப்பிக்கிறா. "நீங்க அங்கிட்டுப் பாருங்கப்பா"ங்குறா. அங்கிட்டுப் பாத்துக்கிட்டே பெட்பேன் பிடிக்கிறது எப்படின்னு நேத்துல இருந்து கத்துக்கிட்டிருக்கேன். பொம்பளைங்க பாத்ரூமுக்குள்ள நான் போக முடியாது. பக்கத்துக் கட்டில் ஒச்சம்மா அக்காதான் பெட்பேனை வாங்கிட்டுப் போய்க் கழுவிக் குடுத்தாங்க. உசிலம்பட்டிக்காரங்க. மகனுக்கு நிமோனியா. "பினாயில் நாத்தம் குமட்டிக்கிட்டு வருது தம்பி, உனக்கு எப்படித்தான் சோறு இறங்குதோ"ன்னாங்க. எனக்கு ஒரு நாத்தமும் தெரியல. சோத்துலயும் ஒரு மணமும் தெரியல, ஆஸ்பத்திரிச் சோறு வேற எப்படி இருக்கும்?

மூக்குல குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் வந்துருச்சு. நெகட்டிவ். பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே.

ஸ்கேன் எடுத்தாங்க. சின்னக்கொடல் முடியுற இடம் வீங்கியிருக்காம், நெறிகட்டியிருக்காம், சுத்தி நீர் கோத்திருக்காம். அப்பெண்டிக்ஸ் சரியாத் தெரியலையாம். ஆபரேஷன் டாக்டர் ரெண்டு பேரு வந்து வலது பக்கம் அடிவயித்துல அழுத்தி, டக்குனு கையை எடுத்தாங்க. அழுத்தினப்ப பல்லைக் கடிச்சவ, எடுத்தப்ப கத்திட்டா.

அவங்க போனதும் என்னையக் கிட்ட கூப்பிட்டா. "அப்பா, உங்களுக்குத் தலை வலிக்குதா?"

"இல்லடா. ஏன்?"

"சும்மா."

நோவு இவளுக்கு, விசாரிக்கிறது என்னைய. அப்படியே அவ அம்மா.

பாண்டீஸ்வரி மூணு தடவை போன் பண்ணிட்டா. சூட்டு வலிதான், ரெண்டு நாள்ல வந்துருவோம்னேன். பின்னாடி சின்னவன் அழுற சத்தம் கேட்டுச்சு. அவன் முகத்தை நான் இன்னும் நேர்ல பாக்கல, செல்போன்ல பாத்ததுதான். பிறந்தப்ப இ-பாஸ் கிடைக்கலன்னு சொல்லியிருந்தேன்.

16.9.2020, புதன்

காலை 6. காய்ச்சல் 103. ஒண்ணுக்கு 40 மில்லி.
கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு, பீளை இல்ல. உதடு வெடிச்சிருக்கு. உள்ளங்கையில செவப்பாத் தடிப்பு. கேட்டாத்தான் பேசுறா.

10 மணிக்கு வான்மதி டாக்டர் கட்டில்ல உக்காந்தாங்க. மத்த டாக்டருங்க நின்னுக்கிட்டே பேசுவாங்க, இவங்க உக்காருவாங்க. கையைத் திருப்பிப் பாத்தாங்க, உதட்டைப் பாத்தாங்க. அப்புறம் எங்கிட்ட, "இது வெறும் அப்பெண்டிக்ஸா எனக்குத் தோணல. கொரோனா வந்துட்டுப் போய் நாலு வாரம், ஆறு வாரம் கழிச்சு சில பிள்ளைங்களுக்கு உடம்பே உடம்பைத் தாக்க ஆரம்பிக்கும். ரொம்ப அபூர்வம். வந்தா குடல், இதயம் எல்லாம் வீங்கும். வெளிய பாக்க அப்பெண்டிக்ஸ் மாதிரியே இருக்கும். வந்துட்டுப் போயிருந்தா மூக்கு டெஸ்ட்ல தெரியாது. ரத்தத்துல பாக்கலாம், ரிசல்ட் வர ரெண்டு நாளாகும். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்குறேன். வீட்ல யாருக்கும் காய்ச்சல் வரலையா?"

"இல்ல டாக்டர்."

அவங்க அவகிட்ட குனிஞ்சாங்க. "யோகு, நீ சொல்லுடா. பள்ளிக்கூடம்தான் இல்லையே, போன மாசம் வீட்ல இருந்தப்ப உனக்குக் காய்ச்சல் வந்துச்சா? அப்பாவுக்கு?"

அவ என்னையப் பாத்தா. என் முகத்தைப் பாக்கல, தலையைப் பாத்தா. அப்புறம் வாயை இறுக மூடிக்கிட்டு இல்லன்னு ஆட்டினா.

டாக்டர் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

12 மணி. ஆபரேஷன் டாக்டர் வந்தாரு. குடல் வெடிச்சிருச்சுன்னா ஆபத்து, தள்ளிப்போட முடியாது, நாளைக்குக் காலையில வயித்தைத் திறந்து பாத்துரலாம்னாரு. ஒரு பேப்பர் குடுத்தாங்க, கையெழுத்துப் போட. மயக்க மருந்து குடுக்கச் சம்மதம்னு போட்டிருக்கு. பேனா என்கிட்டதான் இருக்கு, இதை எழுதிக்கிட்டிருக்கிற பேனா.

1 மணி. இன்னும் போடல.

2 மணி. ஆகஸ்ட் பத்தாம் தேதி எனக்கு

அதெல்லாம் இப்ப எதுக்கு.

3.15. எழுதித்தான் ஆகணும், இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. மறுநாள் உடம்பு முறிச்சுப் போட்டது. மூணாம் நாள் மாவுத் தூக்கைத் திறந்து மோந்து பாக்குறேன், ஒண்ணுமே தெரியல. இருபது வருசமா மூக்கால தொழில் பண்றவன் நான். மாவு எப்பப் பொங்கும், எப்பப் புளிக்கும்னு அடுத்த ரூம்ல இருந்தே சொல்லுவேன். அன்னைக்கு மூக்கைத் தூக்குக்குள்ளயே விட்டும் தெரியல. என்னன்னு புரிஞ்சு போச்சு.

ஜூலையில எதிர் வரிசை தையக்காரர் சேது வீட்டுல கொரோனான்னு வாசலை மறிச்சுத் தகரம் அடிச்சிட்டுப் போனாங்க. பதினாலு நாள். தகரத்தைக் கழட்டின பிறகும் அந்த வீட்டுப் பக்கம் ஒருத்தரும் போகல. சட்டைக்குப் பட்டன் தைக்கக்கூட ஆள் வரல. சட்டைக்கே அப்படின்னா, வாயில வைக்கிற மாவுக்கு? அதோட பாண்டீஸ்வரி நெறமாசம். தெரிஞ்சா அந்த நிமிசமே பஸ்ஸுக்குக் கூட நிக்காம நடந்தே வந்துருவா.

அதனால டெஸ்ட் எடுக்கல. முன்பக்கம் பூட்டி, கிரைண்டர் ரிப்பேர்னு அட்டை எழுதித் தொங்க விட்டேன். ஒரு வாரம். நாலாம் நாள் யோகுவுக்கும் காய்ச்சல், ரெண்டே நாள்ல விட்டுருச்சு. கடை திறந்த பிறகு மாவை மோந்து பாத்து "இது சரி, இது புளிச்சிருச்சு"ன்னு சொன்னது அவதான். இன்னைக்கு வரைக்கும் எனக்கு மூக்கு வரல.

இதை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னேன். அம்மாகிட்டயுமான்னு கேட்டா. அம்மாகிட்டயும்தான்னேன். அவளுக்கு முகம் வாடிருச்சு. நான் விடல. அவ கையை எடுத்து என் தலையில வச்சு, அப்பா மேல சத்தியம் பண்ணுன்னேன். பண்ணினா. மீறினா என்ன ஆகும்பான்னு கேட்டா. அப்பா தலை வெடிச்சிரும்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

5.40. ஒச்சம்மா அக்காவைப் பிள்ளைகிட்ட உக்கார வச்சிட்டு டாக்டர் ரூமுக்குப் போனேன். வாசல்லயே நின்னு சொன்னேன். கொரோனா வந்துச்சு டாக்டர், எனக்கும் வந்துச்சு, பிள்ளைக்கும் வந்துச்சு, ஆகஸ்ட்ல, நான்தான் மறைச்சேன், அவளைச் சத்தியம் பண்ண வச்சிருக்கேன்.

திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். "எத்தனாம் தேதி?"ன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பாத்துட்டு, போனை எடுத்துக்கிட்டே எந்திரிச்சு ஓடினாங்க. டாக்டர் ஓடி நான் அதுவரைக்கும் பாத்ததில்ல.

17.9.2020, வியாழன்

ஆபரேஷன் இல்ல. ஐசியூவுக்குக் கொண்டு போயிட்டாங்க. நேத்து ஹார்ட்டை ஸ்கேன் பண்ணிப் பாத்திருக்காங்க. இதயம் பாதி வேகத்துலதான் வேலை செய்யுதாம், பிரஷரும் இறங்கியிருக்கு. மயக்க மருந்து குடுத்திருந்தா தாங்கியிருக்குமான்னு சொல்ல முடியாதுன்னாங்க. அந்தப் பேப்பர் இன்னும் என் சட்டைப் பையிலதான் கிடக்கு, கையெழுத்து இல்லாம.

மருந்து ஏறுது. பல பேரு ரத்தத்துல இருந்து எடுக்குற மருந்தாம், பன்னெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டா. கூடவே வீக்கம் குறையுறதுக்கு ஸ்டீராய்டு ஊசி.

உள்ள விடமாட்டாங்க. கதவுக்கு வெளிய பெஞ்சு. இங்க ஒச்சம்மா அக்கா இல்ல, அம்மா எங்கன்னு கேக்கவும் ஆள் இல்ல. அந்த ஏழு பேரையும் எரிச்சலோட பாத்தேன், இப்ப யாராவது ஒருத்தர் வந்து கேட்டாத் தேவலைன்னு இருக்கு.

18.9.2020, வெள்ளி

உள்ளே: தெரியாது. வெளியே: தெரியாது. இப்ப அவங்கதான் எழுதுறாங்க.

19.9.2020, சனி

காலையில அஞ்சு நிமிசம் விட்டாங்க. நீலச் சட்டை, தொப்பி, ரெண்டு மாஸ்க். என்னைய எனக்கே அடையாளம் தெரியல, அவளுக்கு எங்க தெரியப் போகுது. கண்ணைத் திறந்தா. ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி, தொப்பி மேல என் தலையைத் தடவினா, முன்னாடி, பின்னாடி, காதுகிட்ட. தட்டிக் குடுக்குறான்னு நெனச்சு நான் அழுதுட்டேன்.

வெளிய வந்தப்ப ஐசியூ சிஸ்டர் கேட்டாங்க: "காய்ச்சல் இல்லவே இல்ல, காய்ச்சல் இல்லவே இல்லன்னு ரெண்டு நாளா பிள்ளை பினாத்துச்சே சார், 104 இருக்கப்பவும் அதையே சொல்லுச்சு. என்ன விசயம்?"

ஒண்ணுமில்ல சிஸ்டர்னேன். மறுபடியும் ஒரு பொய். வாய் பழகிப் போச்சு.

பெஞ்சுக்கு வந்து உக்காந்து பாண்டீஸ்வரிக்குப் போன் பண்ணினேன். ஆகஸ்ட் பத்துல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். நடுவுல ஒரு வார்த்தை பேசல. லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோன்னேன்.

"இருக்கேன்"னா. அப்புறம், "அதனாலதான் பிள்ளையப் பாக்க வரலையா?"

"ஆமா."

"பொம்பளப் பிள்ளைக்கு அடுத்து ஆம்பளப் பிள்ளை பிறந்தும் மனுசன் எட்டிப் பாக்கலையே, என்ன குறை வச்சோம்னு இங்க எங்க வீட்டாளுக கேக்காத கேள்வி இல்ல. இருபது நாளா நான் தலைகாணியில முகத்தைப் புதைச்சு அழுறேன். இதைச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருப்பீங்க?"

போனை மறு காதுக்கு மாத்தினேன்.

"தனியா சமாளிச்சிருவேன்னு நெனப்பு. அப்பனும் மகளும் தனியாக் கிடந்து சாகப் பாத்தீங்களே, ரெண்டு பேரும்."

அப்புறம் அழுதா. நானும்தான். பெஞ்சுல எதிர்க்க ஒருத்தரு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சவரு, மூடி வச்சிட்டாரு.

21.9.2020, திங்கள்

ரத்த டெஸ்ட் வந்துருச்சு. டாக்டர் சொன்னதுதான். ஹார்ட்டு பரவால்ல. காய்ச்சல் ரெண்டு நாளா இல்ல, நெசமாவே இல்ல, தெர்மாமீட்டர்ல நானே பாத்தேன். வார்டுக்கு வந்தாச்சு. உள்ளே, வெளியே எழுதுற வேலை மறுபடி என் கைக்கு வந்துருச்சு.

11 மணி. உள்ளே: கஞ்சித் தண்ணி 30 மில்லி. வெளியே: ஒண்ணுமில்ல.
1 மணி. உள்ளே: 50 மில்லி. வெளியே: ஒண்ணுக்கு 200, வெள்ளையா!

அமலோற்பவம் சிஸ்டர் பாத்துட்டு, "ஆச்சரியக்குறி எல்லாம் போட்டிருக்கீங்க"ன்னாங்க. போடாம என்ன பண்றது சிஸ்டர்?

ஒச்சம்மா அக்கா மகன் தேறி சனிக்கிழமையே வீட்டுக்குப் போயிட்டான். போறப்ப எனக்கு ஒரு துண்டை விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தக் கட்டில்ல இப்ப வேற அம்மா. "பிள்ளையோட அம்மா எங்க?"ன்னாங்க. உக்கார வச்சு விவரமாச் சொன்னேன்.

23.9.2020, புதன்

காலை 8. உள்ளே: இட்லி அரை. கேட்டு வாங்கித் தின்னா. "மாவு நல்லாவே இல்ல, நம்ம கடையே மேல்"னு சொன்னா.

10 மணிக்கு டாக்டர் வந்து வயித்தைத் தொட்டாங்க. வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னு ஆட்டினா. நெத்தியில வேர்வை. டாக்டர் என்னையப் பாத்தாங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு: வலிக்குது, சொல்ல மாட்டேங்குறா. இல்லன்னு சொல்ல நான்தானே கத்துக் குடுத்தேன். இனிமே இவ இல்லன்னு சொன்னா நம்புறதா வேணாமா?

அவங்க போன பிறகு பக்கத்துல உக்காந்தேன். என்னையப் பாத்து முதல் கேள்வி, தினமும் கேக்குற கேள்விதான்: "தலை வலிக்குதாப்பா?"

அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. பத்து நாளா கேக்குறா. ஐசியூவுல தடவிப் பாத்தா. அன்பா விசாரிக்குறா, அவ அம்மா மாதிரின்னு நான் பாட்டுக்கு எழுதி வச்சிருக்கேன், முட்டாப்பய.

"யோகு, அப்பா தலைக்கு ஒண்ணும் ஆகாதுடா."

"நான் சொல்லலப்பா. டாக்டர் கேட்டப்பக்கூடச் சொல்லல. நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. நீங்களே சொன்னா வெடிக்காதுல்ல?"

"வெடிக்காது. யார் சொன்னாலும் வெடிக்காது. அது சும்மா சொன்னது, பொய்யி."

யோசிச்சா. "எது பொய்யி? சத்தியமா, வெடிக்கிறதா?"

"ரெண்டும். அந்தச் சத்தியம் கேன்சல்."

"சத்தியத்தை எப்படிப்பா கேன்சல் பண்றது?"

அவளுக்கு ஆப்பிள் அரைக்கணும்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். வெராண்டா கடைசி வரைக்கும் போய் நின்னேன். என் உசுரைக் காப்பாத்துறதா நெனச்சு ஒரு ஒம்போது வயசுப் பிள்ளை தன் உசுரைக் குடுக்கத் தயாரா இருந்திருக்கு. இதைக் கேட்டுட்டு ஒரு அப்பன் எங்க போய் நிக்கிறது?

26.9.2020, சனி

வீடு. பாண்டீஸ்வரி சின்னவனைத் தூக்கிட்டுக் காரு பிடிச்சு வந்து வாசல்லயே உக்காந்திருந்தா. என்கூடப் பேசல. சின்னவனை மட்டும் என் கையில வச்சிட்டு உள்ள போயிட்டா. கனமே இல்ல. இவங்கிட்டயும் ஒரு வாசம் இருக்கும், எனக்குத்தான் தெரியல.

28.9.2020, திங்கள்

கடை திறக்கல. பழைய கிரைண்டர் ரிப்பேர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்: "ஆகஸ்டில் எனக்கும் என் மகளுக்கும் கொரோனா வந்து குணமாகிவிட்டது. அப்போது சொல்லாததற்கு மன்னிக்கவும். மாவு வியாழன் முதல்." மாட்டிட்டு உள்ள வந்து உக்காந்துட்டேன். எட்டிப் பாக்கல.

1.10.2020, வியாழன்

காலையில ரெண்டு பேரு வந்தாங்க, வழக்கமா முப்பது பேரு வர்ற கடைக்கு. அதுல ஒருத்தர் தையக்காரர் சேது. எப்பவும் வாங்குறதைவிட ஒரு பாக்கெட் கூட வாங்கினாரு. மூஞ்சியைப் பாக்க முடியல என்னால. அவர் வீட்டுத் தகரத்தைத் தாண்டி அந்த ஓரமாப் போனவங்கள்ல நானும் ஒருத்தன்.

5.10.2020, திங்கள்

ரிவ்யூ. ஹார்ட் ஸ்கேன் நார்மல். எடை ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு, ஏறிரும்னாங்க.

வான்மதி டாக்டர் உக்காந்துதான் கேட்டாங்க. "யோகு, சாப்பிட்டா வயிறு வலிக்குதாடா?"

அவ என்னையப் பாத்தா. நான் சுவத்தைப் பாத்தேன். என் முகத்துல எதையும் படிச்சிரக்கூடாதுன்னு.

அப்புறம் ஸ்டூல்ல இருந்து இறங்கி வந்து, என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். ரெண்டு கையையும் என் தலை மேல வச்சா. மூடி பறந்துராம குக்கரை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, டாக்டர் பக்கம் திரும்பினா.

"வலிக்குது டாக்டர். சாப்பிட்டதும் இந்தப் பக்கம் வலிக்குது. ஆஸ்பத்திரியிலயும் வலிச்சுச்சு."

டாக்டர் எழுதிக்கிட்டாங்க. கொடல் வீக்கம் முழுசா வடிய இன்னும் சில வாரம் ஆகும், பயப்பட ஒண்ணுமில்ல, சொன்னதுதான் நல்லதுன்னாங்க.

அவ உடனே கையை எடுக்கல. நானும் நிமிரல.